குளியலறைத் தராசும் 13 அடி போலரும்

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் அல்கொன்குவின், கில்பெயர், சாண்ட்பாங்க்ஸ் என்று ஒன்ராறியோப் பூங்காக்களில் கோடைக்குக் கோடை கூடாரம் கட்டிக்கொண்டு திரிந்த குடும்பம் நாங்கள். 2019இல் ஒரு விடியற்காலை கூடாரத்துக்குள் இருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். பக்கத்து மரத்தைப் பிடித்துத்தான் நிமிர முடிந்தது. இனி இது சரிவராது என்று அன்றே விளங்கிவிட்டது.

“அப்ப ஒரு சின்ன ட்ரெயிலர் வாங்குவம்” என்றார் இவர், என் கணவர். வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, படுத்துச் சமைக்கிற சின்ன வீடு. சொல்லி நாலு வருடம். 2023 இலையுதிர் காலத்தில்தான் உண்மையாகத் தேடத் தொடங்கினோம். ஏழு மாதம் தேடி, கடைசியில் வாங்கியது 1977ஆம் ஆண்டுப் போலர், 13 அடி. என்னைவிடப் பத்து வயது இளமை. இரண்டு கோடை அதில் படுத்து, சமைத்து, மழைக்கு ஒதுங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ட்ரெயிலர் எப்படி என்பதை விட, அதைத் தேடிய கதையில்தான் மற்றவர்களுக்குப் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் அது.

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் இருக்கிறோம். வாகனம் ரொயோட்டா சியன்னா வான், 2015. லொறி வாங்குகிற எண்ணம் இல்லை. வானை வைத்துக்கொண்டு எதை இழுக்கலாம் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நாங்களோ எல்லோரையும் போல முதலில் கடைக்குப் போய், உள்ளே ஏறி, அலுமாரிகளைத் திறந்து பார்த்து ஆசைப்பட்டோம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய விற்பனை முற்றம். பெயர் வேண்டாம். விற்பனைக்காரப் பொடியன் நல்ல பிள்ளை, எங்கள் மகனின் வயது. 17 அடி ட்ரெயிலர் ஒன்றுக்குள் கூட்டிக்கொண்டு போனான். குளிக்க இடம், ரொய்லெற், குளிர்சாதனப்பெட்டி, இரண்டு அடுப்பு, நீல நிற விளக்கு எல்லாம் இருந்தன. “என்ன வாகனம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டான். சியன்னா என்றோம். “அது 3,500 இறாத்தல் இழுக்கும். இது 2,800தான். ஒரு பிரச்சினையும் இல்லை.”

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கைப்பையில் இருந்து கொப்பியை எடுத்தேன். அதைக் கண்டாலே இவருக்குப் பிடிக்காது. “நீர் சும்மா இரும், அவனுக்குத் தெரியாததே” என்றார்.

2,800 என்பது வெறும் எடை. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது, தண்ணீர் இல்லாமல், காஸ் இல்லாமல், ஒரு கரண்டிகூட உள்ளே இல்லாமல் நிறுத்தது. அந்த ட்ரெயிலரின் நல்ல தண்ணீர்த் தாங்கி 113 லீற்றர் பிடிக்கும். நிரப்பினால் 250 இறாத்தல். காஸ் சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்தால் 75. பற்றறி 50. ஏசியும் வெளியே விரிக்கும் பந்தலும் மேலதிகமாகப் பூட்டினவை, அவை 125 என்று வைப்போம். சட்டி பானை, அரிசி, கதிரை, போர்வை, உடுப்பு எல்லாம் சேர்த்து 400 என்று போட்டேன். எங்கள் வீட்டுச் சாமானைத் தெரிந்தவர்கள் அது குறைவு என்றுதான் சொல்வார்கள். கூட்டினால் 3,700. வான் இழுக்கக்கூடியது 3,500.

அதோடு முடியவில்லை. ட்ரெயிலரின் முழு எடையில் பத்து முதல் பதினைந்து வீதம் வானோடு கொழுவும் கொக்கியில் இறங்க வேண்டும்; அப்போதுதான் பின்னால் ஆடாமல் வரும். 3,700இல் பன்னிரண்டு வீதம் என்றால் 444 இறாத்தல். எங்கள் வானின் கொக்கிக்கு உச்சம் 350. அந்தப் பாரம் வானுக்குள் நாங்களும் சாமானும் ஏறுகிற கணக்கிலும் சேரும். சாரதிக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ட்ரெயிலர் தேடுகிறவர்கள் கடைக்குப் போக முதல் அந்த ஒட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். விளம்பரத்தில் போடுகிற இழுவை இலக்கத்தை விட இதுதான் முக்கால்வாசி நேரம் முதலில் முட்டும்.

பொடியனிடம் கொப்பியைக் காட்டினேன். “எல்லோரும் இப்படித்தான் இழுக்கிறார்கள்” என்றான். அது உண்மைதான். நெடுஞ்சாலையில் பார்க்கிறேன். வானின் பின்பக்கம் குந்தியபடி, முன் விளக்கு மரத்து இலையைப் பார்த்துக்கொண்டு போகிற குடும்பங்கள்.

தவணைக் கணக்கைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். “இரண்டு கிழமைக்கு 149 டொலர்தான்” என்றான். எவ்வளவு காலம் என்று கேட்டேன். இருபது வருடம். இருபத்தாறைப் பெருக்கி, இருபதைப் பெருக்கினால் 77,000 டொலருக்கு மேல். கட்டி முடிக்கும்போது எனக்கு எழுபத்தாறு வயது. ட்ரெயிலர் அதற்கு முதலே போய்விடும்.

இன்னொன்று. படுக்கையைக் காட்டினானே, அதில் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் படுத்தோம். அவன் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பி நின்றான். மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம்தான் இறங்கலாம். நான் உள்பக்கம். “இப்ப இரவு ரெண்டு மணி, எனக்குப் போக வேணும்” என்றேன். இவரைத் தாண்டி ஏற வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், தலை மேல் அலுமாரியில் முட்டக் கூடாது. மூன்றும் நடக்கவில்லை. இடத்தை மாற்றிப் படுத்தோம். இவருக்கு இரவில் என்னைவிட இரண்டு தடவை கூடப் போக வேண்டும். எழும்பி வந்தோம். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு ட்ரெயிலரிலும் இதைச் செய்தோம். சமைப்பது போலவும் செய்து பார்த்தேன்: அடுப்படியில் நான் நிற்க, இவர் கதவால் உள்ளே வந்து ரொய்லெற்றுக்குப் போக வேண்டும். பத்தில் எட்டில் நான் வெளியே இறங்கி வழிவிட வேண்டியிருந்தது. வெட்கப்படாமல் செய்யுங்கள். முப்பதாயிரம் டொலருக்கு மேல் கேட்கிறார்கள், பத்து நிமிடம் படுத்துப் பார்த்தால் குறைந்துவிடாது.

பிறகு பழசு தேடினோம். அதில்தான் எனக்கு மூக்கின் அருமை தெரிந்தது.

இப்போது வருகிற சின்ன ட்ரெயிலர்களில் பலவற்றின் சுவர் ஒரு அடுக்குப் பலகாரம். வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தாள், அதன் பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் நுரை, உள்ளே இன்னொரு ஒட்டுப்பலகை. எல்லாம் பசையில் நிற்கிறது. கூரை மூலையில், யன்னல் ஓரத்தில், பக்க விளக்கின் திருகாணி ஓட்டையில் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். போனால் பசை விடும். வெளித்தாள் கொப்புளம் போட்டு உப்பும். அதைச் செப்பமாகத் திருத்துவது என்பது அநேகமாக ட்ரெயிலரின் விலைக்கே வந்து நிற்கும்.

ஒஷாவாப் பக்கம் ஒன்று பார்த்தோம். ஒன்பது வயது, உள்ளே பளிச்சென்று இருந்தது. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசம். ஒன்றல்ல, மூன்று வாசனைப் பெட்டி தொங்கியது. எனக்கு உடனே சந்தேகம். சாப்பாட்டு மேசையின் கீழே இருக்கைப் பெட்டியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். ஊரில் மாரி முடிந்து அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்தால் வருமே, அந்த மணம். பூஞ்சணம். எலுமிச்சை எவ்வளவு தொங்கினாலும் அது ஒளியாது.

அன்றைக்கு என் மருமகனும், அதாவது அண்ணாவின் மகனும், வந்திருந்தான். வாகனம் திருத்துகிறவன். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஹார்ட்வெயார் கடையில் நாற்பது டொலருக்கு வாங்கி வைத்திருந்தான். முன் மூலையில் வைத்ததும் கத்தியது. “மாமி, இங்க கையை வையுங்கோ” என்றான். சுவர் தோசை போல உள்வாங்கியது. வெளியே போய் வெயிலுக்குச் சரிவாக நின்று பார்த்தால், முன்பக்கத்தில் ஒரு அடி அகலத்துக்கு மெல்லிய வீக்கம். நேரே நின்று பார்த்தால் தெரியாது; கன்னத்தைச் சுவரோடு வைத்தது போல ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். விற்கிறவர் “அது அப்படித்தான் வந்தது” என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் முட்டை ட்ரெயிலர் பக்கம் திரும்பினோம். சுவரில் பலகை இல்லாதது, தையல் குறைந்தது. முழு உடம்பும் ஃபைபர்கிளாஸ், மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு ஓடு, நடுவில் இணைத்து ஒரு பட்டி. படகு போல. இதற்கு நம்முடைய நாட்டிலேயே ஒரு தாய் இருக்கிறது, அதுதான் போலர். வினிப்பெக்கில் றே ஒலெக்கோ என்பவர் 1968இல் தொடங்கியது. அதற்கு முதல் அவர் ஃபைபர்கிளாஸில் மலக்குழித் தாங்கி செய்தவர். பாரம் குறைந்த அந்தத் தாங்கியில் இருந்துதான் ட்ரெயிலர் யோசனை வந்ததாம். இதை நான் வீட்டில் சொன்ன நாளில் இருந்து எங்கள் மகள் அதை வேறு பெயரால்தான் கூப்பிடுகிறாள். போலர் (bowler) என்கிற வட்டத் தொப்பி போல இருப்பதால் அந்தப் பெயரையே வைத்தார்கள். 1980களில் உற்பத்தி நின்றுவிட்டது. அதே வார்ப்பின் வழியில் வந்த அமெரிக்கத் தம்பி ஸ்காம்ப். அதை இன்றும் மினசோட்டாவில் பாக்கஸ் என்ற ஊரில் செய்கிறார்கள், கடைக்குக் கொடுக்காமல் தொழிற்சாலையில் இருந்து நேரே விற்கிறார்கள். புதிது வேண்டும், முட்டையும் வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். எங்களுக்கு டொலர் மாற்று விலையும் எல்லை தாண்டி இழுத்து வருகிற வேலையும் கட்டுப்படியாகவில்லை.

கியூபெக்கில் செய்கிற ஆல்ட்டோவையும் ஒருநாள் உள்ளே ஏறிப் பார்த்தோம். அலுமினியம், கூரை தாழ்ந்து எழும்பும், வடிவென்றால் வடிவு, பாரமும் குறைவு. விலையைக் கேட்டதும் இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். கண்ணீர்த்துளி வடிவச் சின்ன ட்ரெயிலர்களில் அடுப்படி பின்கதவைத் திறந்தால் வெளியே இருக்கிறது. மே, ஜூனில் அல்கொன்குவின் கரும் ஈயும் நுளம்பும் தெரிந்த ஒருவர் அங்கே நின்று ரொட்டி சுடுவாரா? மடிக்கும் கூடார ட்ரெயிலர் மலிவு, உள்ளே இடமும் கூட. மழையில் மடித்துக்கொண்டு வந்தால் வீட்டில் திரும்ப விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீட்டு முன்பக்கத்தில் அதை விரிக்க இடம் இல்லை.

எங்கள் போலர் பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகைக்குள் நின்றது. வயதான கணவன் மனைவி. 8,500 கேட்டார்கள். மருமகன் கீழே சாக்கு விரித்து மல்லாந்து படுத்துவிட்டான். அரை மணித்தியாலம் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவன் பார்த்தவற்றைச் சொல்கிறேன், பழசு வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இரும்புச் சட்டம். இழுக்கும் கை உடம்புக்குக் கீழே போகிற மூலை. இந்த வயது 13 அடிகளில் விசயம் தெரிந்தவர்கள் முதலில் டோர்ச் அடிப்பது அங்கேதான். யாரோ முன்பு ஒரு தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள், அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் புது வெடிப்பு, தலைமுடி அளவில். நாற்பத்தேழு வருடத்தில் எந்த இரும்பும் களைக்கும். அடுத்தது சில்லுகள் பூட்டும் அச்சு. இதில் வில் இல்லை, அச்சுக் குழாய்க்குள் இருக்கிற ரப்பர்தான் வில். ரப்பர் செத்துவிட்டால் சில்லு மேலே ஏறி, சில்லுக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல்கூடப் போகாது. எங்களுடையதில் ஒரு விரல். மூன்றாவது ரயர். மேலே வெட்டியிருக்கும் பூ நன்றாகவே இருந்தது, புதிது போல. பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 2311. இருபத்து மூன்றாம் கிழமை, 2011. பதின்மூன்று வயது ரயர். ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்ந்து சாவதை விட நின்று வெடித்துத்தான் சாகும்; ஐந்து ஆறு வருடத்தில் பூவைப் பார்க்காமல் மாற்ற வேண்டும்.

உள்ளே நான். இருக்கைப் பெட்டிகளுக்குள் தலை விட்டேன். தூசி மணம், எலிப் புழுக்கை கொஞ்சம், பூஞ்சணம் இல்லை. தரையை வெறுங்காலால் அங்குலம் அங்குலமாக மிதித்தேன், குறிப்பாகக் கதவடியில். மரம் என்று இருப்பது தரைதான், அது உறுதியாக நின்றது. கூரைக் காற்றுப்பெட்டியைச் சுற்றிப் பழைய தண்ணீர்க் கோடு, ஆனால் காய்ந்தது. படுக்கையில் படுத்தோம். பின்னால் சாப்பாட்டு மேசையை இறக்கினால் இரட்டைக் கட்டில். நாங்கள் குறுக்காகப் படுக்க வேண்டும், யாராவது ஒருவர் தாண்டித்தான் வர வேண்டும். ஆனால் முன்பக்கம் ஒரு இருக்கை இருக்கிறது, அதில் ஒருவர் தனியே படுக்கலாம். அந்த இடத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. இவருக்குப் பின் கட்டில் முழுதும், எனக்கு முன் இருக்கை, காலை இறக்கினால் தரை.

பெரியவரிடம் வெடிப்பையும் ரயரையும் மருமகன் காட்டினான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “எனக்கு இது தெரியாது” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். 6,800க்கு முடிந்தது. உரிமைப் பத்திரத்தில் உள்ள இலக்கமும் வண்டியில் உள்ள தகட்டு இலக்கமும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தோம். பழைய முட்டைகளில் தகடு தொலைந்து கிடப்பது உண்டு. பெயர் மாற்றப் போய் அலைய வேண்டிவரும். பழைய ரயரில் அதை இழுக்க மருமகன் விடவில்லை. தட்டு லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பிறகு நடந்த செலவு: பிரேக்கோடு புது அச்சு 1,450. சட்டம் ஒட்டியது 600. ரயர் இரண்டும் 260. யன்னல், கூரைப் பெட்டி சீல் 180. காஸ் குழாய், ரெகுலேற்றர், காஸ் கசிந்தால் கத்தும் கருவி, கார்பன் மொனொக்சைட் கருவி 220. வானுக்குள் பிரேக் கட்டுப்படுத்தியும் வயரும் 380. மெத்தை நுரை 400. மொத்தத்தில் வாங்கின விலையோடு 10,290 டொலர். மருமகனின் கூலி இதில் இல்லை. அவன் கேட்டது ஆட்டிறைச்சிக் கறி. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்குக் கீழே இருந்தால் பிரேக் கட்டாயம் இல்லை. எங்களுடையது அதில் பாதிதான். இருந்தும் போட்டோம். முன்னால் ஒருவர் சடாரென்று நிற்பாட்டும்போது சட்டம் நினைவுக்கு வராது.

இப்போது தராசுக் கதை. முதல் இரவு டார்லிங்டன் பூங்காவில். வீட்டில் இருந்து அரை மணித்தியாலம், 401 நெடுஞ்சாலையின் சத்தம் இரவிரவாகக் கேட்கும். வடிவான இடம் என்று போகவில்லை. எதையாவது மறந்திருந்தால் ஓடிப்போய் எடுத்துவரலாம் என்று போனோம். மறந்தது தீப்பெட்டி, தலையணை உறை, ட்ரெயிலர்ச் சில்லுக்கு வைக்கும் கட்டை. கட்டைக்குப் பதிலாக விறகுக் கட்டை.

இரண்டாவது பயணம் பிறெஸ்கீல் பூங்காவுக்கு. ஒரு கிழமை நிற்கிறோம் என்று அரிசி, மா, தேங்காய், தண்ணீர்க் கான் நாலு எல்லாவற்றையும் பின் இருக்கைப் பெட்டிக்குள் அடைத்தேன். இடம் அங்கேதான் கூட. போர்ட் ஹோப் தாண்டி இறக்கத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது. முதலில் வான் இடப்பக்கம் ஒரு இழுவை, பிறகு வலம், பிறகு கண்ணாடியில் போலர் நாய் வாலாட்டுவது போல ஆடுவது தெரிந்தது. இவர் பிரேக்கை மிதிக்கவில்லை. வேக மிதியில் இருந்து காலை எடுத்து, ஸ்ரியரிங்கை நேரே பிடித்து, ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். மருமகன் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தது. பத்து வினாடியில் நின்றது. எனக்குப் பத்து வருடம். அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி, கோப்பிக் கடை வாசலில் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். சாமான் எல்லாவற்றையும் முன்னுக்கு மாற்றிக்கொண்டு, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வேக்குப் போனேன். அதன் மேல் பலகைத் துண்டு, பலகையின் மேல் மரக்கட்டை, அதன் மேல் ட்ரெயிலரின் கொக்கி முனை. சில்லுகளுக்குக் கட்டை, ட்ரெயிலர் மட்டமாக நிற்க வேண்டும். இப்படி நேரே நிறுப்பது சின்ன ட்ரெயிலருக்குத்தான் சரி, பெரியதைத் தராசு தாங்காது. பிறெஸ்கீலுக்குப் போன மாதிரியே திரும்ப அடைத்து நிறுத்தேன்: 48 கிலோ. பிறகு தண்ணீரையும் அரிசியையும் சில்லுக்கு முன்னால் மாற்றி நிறுத்தேன்: 84. அடுத்த பயணத்தில் லொறிகள் நிறுக்கும் இடத்தில் ட்ரெயிலரைக் கழற்றி முழுதாக நிறுத்தோம், 730 கிலோ. ஆக முதலாவது ஏழு வீதம்கூட இல்லை, இரண்டாவது பதினொன்றரை. அந்த நாளில் இருந்து இன்றுவரை ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ட்ரெயிலருக்கு எடை குறைக்க மருந்து கொடுக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது.

சரி, உள்ளே இருக்கிற சீவியம். இவர் 5 அடி 8, தலை முட்டாது. பக்க யன்னல்கள் சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டிகள், ஊர் வீட்டு லூவர் யன்னலேதான். சாரல் மழையிலும் திறந்து வைக்கலாம். அந்த யன்னலைத் திருகித் திறக்கும்போது வருகிற கிறீச் சத்தத்துக்கே நான் நூறு டொலர் கூடக் கொடுப்பேன். குளிர் இரவில் இரண்டு பேர் மூச்சு விட்டால் சுவர் வியர்க்கும். கூரைப் பெட்டியை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்தால் பாதி குறையும். விடிய ஒரு துவாயால் துடைப்பது என் வேலை. குளிருகிறது என்று அடுப்பை எரியவிட்டுப் படுக்க வேண்டாம், தயவுசெய்து. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். சமைக்கும்போதும் யன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

புட்டு அவிக்கலாம், இடியப்பம் அவிக்கலாம், பருப்பு, சொதி எல்லாம் நடக்கும். மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் வெளியே, சின்ன காஸ் அடுப்பில். உள்ளே ஒருமுறை கருவாடு பொரித்தேன். மெத்தை உறை இரண்டு தடவை தோய்த்தும் அடுத்த மாதம் பொன் எக்கோ பூங்காவில் மணத்தது. நூறு மீற்றர் உயரப் பாறை ஏரிக்குள் இருந்து எழும்பி நிற்கிறது, மாலை வெயிலில் பொன் பூசினது போல இருக்கிறது, உள்ளே கருவாட்டு மணம். இவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

குளிர்சாதனப்பெட்டி இல்லை, ஐஸ்பெட்டிதான். ஒரு கட்டி ஐஸ் ஆடி மாதத்தில் இரண்டு நாள் நிற்கும். ரொய்லெற் இல்லை. முன் இருக்கையின் கீழே கையால் தூக்கும் சின்ன ரொய்லெற் ஒன்று வைத்திருக்கிறோம், இரவுக்கு மட்டும். குளிப்பு முகாமின் பொதுக் குளியலறையில். இதெல்லாம் இல்லாததால்தான் இது 730 கிலோ. இது முடியாது என்பவர்கள் இந்தச் சைஸை விட்டுவிடுங்கள், ஆனால் இழுக்கும் வாகனத்தையும் சேர்த்து மாற்றக் கணக்குப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். நாலு பேர் படுக்கலாம் என்பது உண்மை, நாலு பேர் மழை நாளில் விழித்திருக்க முடியாது.

வாங்க முதல் உங்கள் நகரசபையின் வாகனம் நிறுத்தும் விதியைக் கேளுங்கள். வீட்டு முன்னால் ட்ரெயிலர் நிற்பாட்டுவதற்கு ஊருக்கு ஊர் வேறு வேறு கட்டுப்பாடு இருக்கிறது, மாதம் மாதம் நிறுத்துமிட வாடகை கொடுக்க வேண்டி வந்தால் கணக்கு மாறும். முகாமிடமும் நினைத்தவுடன் கிடைக்காது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்னால், காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஆடி மாதச் சனிக்கிழமைக்கு நான் மாசிப் பனியில் தேத்தண்ணியும் கையுமாக இரண்டு தொலைபேசியோடு இருப்பேன்.

குளிர்காலத்துக்கு மூடுவதில் ஒரு தவறு விட்டோம். முதல் வருடம் நீலத் தறப்பாளால் இறுக்கிச் சுற்றிக் கட்டினோம். பங்குனியில் திறந்தால் உள்ளே ஈரம், அதோடு இருக்கைப் பெட்டிக்குள் எலிக் கூடு, எங்கள் மெத்தை நுரையில் செய்தது. இந்த முறை தறப்பாள் இல்லை, குழாய் போகும் ஓட்டைகளுக்கு உருக்குக் கம்பளி, ஒரு துணி விடாமல் வீட்டுக்குள். தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டால் போதும், பெரிய ட்ரெயிலர்காரர் போல குழாய் முழுக்க ரோஸ் நிற உறைதடுப்பான் ஓடவிடத் தேவையில்லை. கைப்பம்புதானே.

ஒரு பிரச்சினை இன்னும் தீரவில்லை. கதவு உடம்பின் வளைவோடு சரியாகப் பொருந்தவில்லை. கீழ் மூலையில் ஒரு பென்சில் போகும் இடைவெளி. மருமகன் பிணைச்சலை மாற்றிப் பார்த்தான், ரப்பர் பட்டி மாற்றிப் பார்த்தான். இப்போதைக்கு நான் இவருடைய பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி அதில் வைக்கிறேன். இவர் வேறு இப்போது 16 அடி முட்டை ஒன்றின் படத்தைக் காட்டத் தொடங்கியிருக்கிறார், ரொய்லெற்றோடு. நேற்று இரவும் காட்டினார். வெறும் எடை எவ்வளவு என்று கேட்டேன். எழும்பிப் போய்ப் பால் காய்ச்சினார்.